படத்துல போட்ட கோடிச் சேலை

ஆமா தம்பி, நான்தான். அந்தப் படத்துல வர்ற அண்ணன்காரன் நான்தான். கொஞ்சம் மெதுவாக் கேளுங்க, பஸ்ல இருக்கவன் பூரா திரும்பிப் பார்க்கான். போட்டோவா? இப்பவா? வேண்டாம் தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. நான் கேத வீட்டுக்குப் போறேன். என் தங்கச்சி செத்துப்போனா. இன்னைக்கு விடிய. வடிவுன்னு பேரு. கூடப் பிறந்த ஒரே தங்கச்சி.

அட, உக்காருங்க. நீங்க ஏன் எந்திரிக்கீங்க? உங்களுக்குத் தெரியுமா என்ன. கீழ இருக்க பையை மட்டும் மிதிச்சிராதீங்க. அதுல கோடி இருக்கு. கோடின்னா தெரியாதா? மெட்ராஸா? அதான். ஒரு பொம்பளை செத்துட்டா பிறந்த வீட்டுல இருந்து புதுச்சேலை கொண்டுபோயிப் போர்த்தணும். அதுதான் கோடி. அண்ணன் தம்பி வந்து போர்த்தினாத்தான் பாடையைத் தூக்குவாக. அவ புருசன் செத்தாலும் அப்படித்தான், தாலியை அறுத்துப்போட்டு உக்காந்திருக்கவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரணும். வந்தாத்தான் இவளுக்கும் கேக்க ஆள் இருக்குன்னு நாலு பேரு நினைப்பான். வரலைன்னா நாதியத்தவ.

இப்ப நான் கொண்டு போற கோடியை வாங்குவாகளா, தெருவுல தூக்கி எறிவாகளா, அது எனக்குத் தெரியாது. தங்கச்சி மகன் இருக்கான், செண்பகராசுன்னு. கோவில்பட்டி தியேட்டர் வாசல்ல நின்னு அத்தனை பேருக்கு முன்னால சொன்னான், "எங்கம்மா செத்தாக்கூட உங்க வீட்டுக் கோடி எங்க வாசலைத் தாண்டாது"ன்னு. என்னைப் பார்த்து! தாய்மாமனைப் பார்த்து! அவன் சொல்லுவானா? சொல்ல வச்சது யாரு? அந்தப் படம். அந்த டைரக்டரு.

நல்ல படம்னு சொல்லாதீங்க தம்பி. வயிறு எரியுது.

அந்தாளு எங்க ஊருக்கு வந்தது ஒரு கோடையில. கருவக்குளம், கோவில்பட்டிக்குக் கிழக்க. கார்ல வந்து இறங்கினாரு. எங்க கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, ஆடு கடிக்க ஒரு பச்சை இல்லை. இவரு நடுக்கண்மாயில போயி நின்னுக்கிட்டு "ஆகா, ஆகா"ங்காரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். "நான் தேடுன பூமி இதுதான்"ங்காரு. நாங்க மழை வேணும்னு மாரியம்மனுக்குக் கூழு ஊத்திக்கிட்டிருக்கோம், இந்த மனுசன் படம் முடியிற வரைக்கும் ஒரு சொட்டு விழுந்திரக் கூடாதுன்னு வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்காரு. அன்னைக்கே அடிச்சுப் பத்தியிருக்கணும். நாங்க டீ வாங்கிக் குடுத்தோம்.

ஏழை வீடு ஒண்ணு வேணும்னு என் வீட்டைத்தான் புடிச்சாரு. சரி, நாங்க ஏழைதான், இல்லைங்கல. ஆனா அவருக்கு அந்த ஏழ்மை பத்தல. தீபாவளிக்கு நான் அடிச்ச பச்சைப் பெயிண்டு மேல மண்ணைக் கரைச்சுப் பூசினாக. டிவி குடையைக் கழட்டி மாட்டுக்கொட்டத்துல வச்சாக. என் வேட்டியை வாங்கித் தேயிலைத் தண்ணியில முக்கிக் காயப்போட்டாக. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் நீலம் போட்டு வெளுத்த வேட்டி தம்பி! அவ ஒரு வாரம் அழுதா. ஏழைன்னா அழுக்காத்தான் இருக்கணும்னு இவுகளுக்கு யாரு சொன்னது?

வீட்டைப் பிடிச்ச மாதிரி என் மூஞ்சியையும் பிடிச்சுப்போச்சு. "உங்க முகத்துல ஒரு வைராக்கியம் இருக்கு, நீங்கதான் அண்ணன் வேசம்"னாரு. கதை என்னன்னு கேட்டேன். "அண்ணன் தங்கச்சி பாசம்"னாரு. பாசம்னா எனக்குக் கசக்குதா? சரின்னுட்டேன். அதுதான் தம்பி, அந்த ஒரு வார்த்தையிலதான் நான் ஏமாந்தேன்.

தங்கச்சியா நடிக்க ஒரு மலையாளத்துப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாக. தேவகின்னு பேரு. நல்ல பிள்ளைதான், குத்தம் சொல்லக் கூடாது. கிராமத்துப் பொம்பளை நடக்கிறது, குத்த வைக்கிறது, களி கிண்டுறதெல்லாம் படிக்கணும்னு எங்க அடுப்படியிலேயே கிடந்தா. அங்கதான் விசயம் வெளிய போச்சு. எம் பொண்டாட்டிக்கு வாயில எதுவும் நிக்காது. களி கிண்டச் சொல்லிக்குடுன்னா, குடும்பத்தையே கிண்டி வச்சிருக்கா. அந்தப் பிள்ளை அதைக் கேட்டுப்போட்டு டைரக்டருகிட்டச் சொல்லியிருக்கு. அந்தாளு ராவோட ராவாக் கதையையே மாத்திட்டான். வீடும் என் வீடு, மூஞ்சியும் என் மூஞ்சி, கதையும் என் கதை. எனக்கு மட்டும் சொல்லல.

என்ன கதையா? அதான் நீங்க பார்த்தீங்களே. முத சீன்ல ஒரு வண்டி வரும்ல? பாரம் ஏத்த வந்துட்டு, ஒண்ணும் கிடைக்காம வெறும் வண்டியாத் திரும்பிப் போகும்ல? படத்துக்குப் பேரே 'வெறும் வண்டி'தானே. அது என் தங்கச்சி மாப்பிள்ளை அய்யாத்துரை வண்டி தம்பி. படத்துல மாடில்லாம மனுசனே இழுத்துட்டு வர்றதாக் காட்டியிருக்கான். பச்சைப் பொய். மாடு இருந்துச்சு. எலும்பும் தோலுமா, நாக்கைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு, ஆனா இருந்துச்சு. அது என்ன, இல்லாததைச் சொல்றது?

நடந்ததைச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. அது பஞ்ச வருசம். அவுக ஊரு மேலச்சிந்தலை, அந்தப் பக்கம் ஒரு தூத்தல்கூட இல்லை. எங்க வீட்டுக்குப் பின்னால சோளத்தட்டையைப் போராக் குவிச்ச படப்பு ஒண்ணு நிக்கு. எங்க மாட்டுக்குன்னு நான் பாடுபட்டுச் சேர்த்தது. அய்யாத்துரை வண்டியைப் பூட்டிக்கிட்டு, பொண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டு வந்து நிக்கான். "மச்சான், ஒரு வண்டித் தட்டை குடுங்க. இந்த ரெண்டு மாட்டையும் உசுரோட வச்சிருந்தா, மழை வந்ததும் உழுதிருவேன்"னான். நான் என்ன சொன்னேன்? "எங்க மாட்டுக்கே காணாது"ன்னேன். இதுல என்ன தப்பு? இருக்கிறதை இருக்குன்னு சொல்லுதேன்.

கூட ஒரு வார்த்தை சொன்னேன்தான். "பொண்ணைக் குடுத்தோம், படப்பையும் சேர்த்தா குடுத்தோம்"னேன். வெளாட்டுக்குத் தம்பி. மச்சான் மாப்பிள்ளை முறை, ஒரு கேலி பேசக் கூடாதா? அங்க நின்ன நாலு பேரு சிரிச்சான். அய்யாத்துரையும் சிரிச்சான். ஆமா, சிரிச்சான், நான் பார்த்தேன். சிரிச்சுக்கிட்டேதான் வண்டியைத் திருப்பினான். வடிவு வண்டிச் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பஞ்சவர்ணம் சொம்புல தண்ணி கொண்டுபோயிக் குடுத்தா. வாங்கல. பிறந்த வீட்டுத் தண்ணியை வேண்டாம்னுட்டுப் போனவ அவ. நான் வேண்டாம்னேனா?

அந்தப் படப்பா? அது என்ன இப்ப. ஐப்பசியில மழை ஊத்தோ ஊத்துன்னு ஊத்துச்சு, நனைஞ்சு மக்கிப்போச்சு. அடியில கரையான். அள்ளிக் குப்பையில போட்டோம். அது வேற விசயம் தம்பி. மழை வரும்னு எனக்குச் சோசியமா தெரியும்?

அய்யாத்துரை மாடு ரெண்டும் போயிருச்சு. மாடில்லாம உழ முடியல, கல்குவாரிக்கு வேலைக்குப் போனான். அங்க கல்லு விழுந்து செத்தான். அது அவன் விதி. சோளத்தட்டைக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? டைரக்டரு என்ன செய்தான் தெரியுமா? முதல்ல என் படப்பைக் காட்டுதான். அடுத்து மாடு விழுகிறதைக் காட்டுதான். அடுத்து கல்லு விழுகிறதைக் காட்டுதான். ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு. ஒரு பேச்சு இல்லை, வசனம் இல்லை. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இந்தப் படிச்சவன் வேலையே இப்படித்தான். வாயால ஒண்ணும் சொல்லமாட்டான், கோத்து விட்டிருவான்.

மாப்பிள்ளை செத்ததுக்கு நீங்க போகலையான்னு கேக்கீங்க. பார்த்தீங்களா, நீங்களும் கேக்கீங்க. எல்லாரும் இதைத்தான் கேக்கான். ஏன் போகலைன்னு எவனும் கேக்கல. கேதம் சொல்ல ஒரு முறை இருக்கு தம்பி. பிறந்த வீட்டு வாசல்ல ஆள் வந்து நின்னு சொல்லணும். இவுக என்ன செய்தாக? பஸ் டிரைவர்கிட்டச் சொல்லிவிட்டாக. அவரு ஊர் முக்குல பஸ்ஸை நிறுத்தி, ஆரனை அடிச்சு, ஜன்னல் வழியாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. முட்டைக்கோசு விலை சொல்ற மாதிரி! நான் வேட்டி சட்டை மாத்தி உக்காந்திருந்தேன். முறையா ஒரு ஆள் வரட்டும், ஓடிருவோம்னு. பொழுது சாயுற மட்டும் உக்காந்திருந்தேன். வரல. நானும் போகல. அனுப்ப அவ வீட்டுல ஆள் ஏது, மகன் சின்னப்பய பிணத்துகிட்ட உக்காந்திருக்கான்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. அதெல்லாம் சாக்கு. நான் ரோசக்காரன். எங்க வம்சமே அப்படி.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் சேலையை எடுத்து வடிவுக்குப் போர்த்திவிட்டாளாம். பின்னாலதான் கேள்விப்பட்டேன். ஊரான் சேலையைப் போர்த்திக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. யாருக்கு அவமானம்? எனக்குத்தானே?

இப்ப படத்துக்கு வாரேன். அந்த டைரக்டரு கதையில அண்ணன்காரன் போறான். அதான் தம்பி கூத்து. நான் போகல, படத்துல நான் போறேன். தட்டுல கோடியை வச்சுக்கிட்டு, தெரு பூரா நடந்து போயி, தங்கச்சி தோள்ல போர்த்துதேன். அப்ப அது என் கதை இல்லைதானே? ஆனா ஊருக்குள்ள ஒருத்தன் விடாம அது என் கதைங்கான்.

அந்த சீன் எடுக்கிற அன்னைக்குக் கம்பெனிக்காரன் ஒரு சேலையைக் கொண்டு வந்து நீட்டுனான். யாரோ உடுத்தி, துவைச்சு, இஸ்திரி போட்டது. "இதைத் தட்டுல வச்சு நடங்க"ங்கான். மாட்டேன்னுட்டேன். படமா இருந்தா என்ன, கோடின்னா கோடி. மடிப்புக் கலையாத புதுச்சேலையா இருக்கணும். பிறந்த வீட்டான் தன் காசுல எடுக்கணும். அவன் கையாலயே, யாருக்குப் போடுறானோ அவ பேரைச் சொல்லிப் போர்த்தணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது கோடி இல்லை, வெறும் துணி. "ஐயா, இது நடிப்புதானே"ங்காரு டைரக்டரு. "நடிப்புன்னா முறை தப்பலாமா"ன்னு கேட்டேன்.

நானே பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனேன். அரக்கு நிறத்துல, மஞ்சக்கரை போட்ட நூல்சேலை எடுத்தேன். கடைக்காரன்கூட, "யாருக்குய்யா கோடி"ன்னான். "தங்கச்சிக்கு"ன்னேன். படத்துல தங்கச்சிதானே, அதைச் சொன்னேன். வடிவுக்குச் சின்னதுல இருந்து அரக்குன்னா உசுரு. அதுக்காக எடுக்கல. கையில முதல்ல அகப்பட்டது அது.

வந்து பார்த்தா, தெரு பூரா பொம்பளைகள். கேத வீட்டுக் கூட்டத்துக்கு ஆள் வேணும்னு சுத்துப்பட்டி ஊருக்கெல்லாம் வேன் அனுப்பிக் கூட்டிட்டு வந்திருக்காக. ஆளுக்கு ஒரு சோத்துப் பொட்டலம், கூலி. நான் தட்டை ஏந்திக்கிட்டு நடந்து வாரேன். கேமரா எனக்கு முன்னால தள்ளுவண்டியில, என்னைப் பார்த்தமானிக்குப் பின்வாங்கிக்கிட்டே போகுது. பந்தலுக்குள்ள போறேன். தேவகி தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா. அவளை ஒட்டி, தோளோட தோளா, யாரு இருக்கான்னு நினைக்கீங்க? வடிவு.

என் தங்கச்சி. கூலிக்கு வந்திருக்கா தம்பி. எங்க ஊருக்கு. எங்க தெருவுக்கு. பிறந்த வீட்டுக்கு வரமாட்டா, கூலிக்கு மாரடிக்க வருவா! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. தட்டைக் கீழ போட்டுட்டு, "எந்திரிடி"ன்னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பேன். கேமரா ஓடுது. அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. தட்டுல இருந்த சேலையைப் பார்த்தா. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்தா, போர்த்தப் போறவுகளுக்கு வாகா உக்காருவாகள்ல, அப்படி.

நான் நின்னுட்டேன். டைரக்டரு நிறுத்தச் சொல்லல. கேமராவை ஓட விட்டுட்டு நிக்கான் களவாணி.

அப்புறம் நான் என் வேலையைச் செய்தேன். தேவகி தோள்ல சேலையைப் போர்த்தினேன். எனக்குச் சொல்லிக்குடுத்த வசனம், "எந்திரி பொன்னுத்தாயி, அண்ணன் வந்துட்டேன்". படத்துல அவளுக்குப் பொன்னுத்தாயின்னு பேரு. நான், "எந்திரி வடிவு, அண்ணன் வந்துட்டேன்"னுட்டேன். வாய் தவறிருச்சு. மனுசனுக்கு வாய் தவறாதா? பக்கத்துல அவ உக்காந்திருக்கா, கூட்டம், வெயிலு, தவறிருச்சு. அழுகையும் வந்துச்சு. நல்லாவே அழுதேன். நடிப்புன்னா அழணும்ல? பந்தல்ல இருந்த பொம்பளைகள் பூரா அழுதாக. கேமராக்காரனும் அழுதான். "திரும்ப எடுங்க, பேரை மாத்திச் சொல்லிட்டேன்"னு நான் சொல்லுதேன், அந்த டைரக்டரு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, "வேண்டாம்யா, வேண்டாம்யா"ங்கான்.

அந்த ஒரு சொல்லுக்காகப் படம் பூரா அவளுக்கு வடிவுன்னு பேரை மாத்திட்டான் தம்பி. வேணும்னே. அதுக்கு முன்னால எடுத்ததுல எல்லாம் பொன்னுத்தாயை அழிச்சுட்டு வடிவு, வடிவுன்னு சேர்த்துவிட்டிருக்கான். என் தங்கச்சி பேரு வெளிநாட்டுல எல்லாம் கேட்டிருக்கு. அவ மூஞ்சியும் இருக்கு. நீங்களும் பார்த்திருப்பீங்க, அந்தக் குனிஞ்சு உக்காந்திருக்கிற பொம்பளை. நல்லா நடிச்சிருக்காங்களா? சரிதான். அவளுக்கு நடிக்கத் தெரியாது தம்பி. சின்னதுல கோயில் கொடையில கோலாட்டத்துக்கு நிறுத்தினா அழுதுருவா.

இதோட விட்டாங்களா? அந்தத் தேவகி, வடிவுன்னா உங்க நாத்தனாருதானேன்னு பஞ்சவர்ணத்துகிட்டக் கேட்டிருக்கா. உன் பக்கத்துல இருந்தவதான் அவன்னு இவ காட்டிக் குடுத்துட்டா. உடனே அந்தப் பிள்ளை தோள்ல கிடந்த கோடியை எடுத்துக்கிட்டு ஓடி, வேன் ஏற நின்ன வடிவு கையில குடுத்திருக்கு. குடுக்கலாமா? ஒருத்திக்குப் போட்ட கோடியைக் கைமாத்தலாமா? மலையாளத்துப் பிள்ளைக்கு நம்ம முறை தெரியாது, சரி. வடிவுக்கு எங்க போச்சு புத்தி? வேண்டாம்னு சொல்லியிருக்கணும்ல? வாங்கி மடியில வச்சுக்கிட்டு வேன்ல ஏறிட்டாளாம். சரி, வாங்கினதை உடுத்தினாளா? அதுவும் இல்லை. அந்தச் சேலையை உடுத்தி யாரும் பார்க்கலைன்னு அந்த ஊருக்காரன் சொன்னான். பிடிக்கலபோல. நான் எடுத்த சேலையாச்சே, எப்படிப் பிடிக்கும்?

படம் எங்கெங்கயோ பரிசு வாங்கி, பின்ன கோவில்பட்டிக்கு வந்துச்சு. ஒரே ஒரு பகல் ஆட்டம். நடிச்ச ஊருக்காரனுக்கெல்லாம் சும்மாக் காட்டினாக. அங்கதான் நான் முதத்தடவையாப் பார்த்தேன். என் வீடு, என் படப்பு, நான் சொன்ன வார்த்தை. படப்பையும் சேர்த்தா குடுத்தோம்ங்கிற அதே வார்த்தை, என் வாயில! ஒரு நாள் எடுக்கும்போது, "சும்மா கேலியா ஏதாவது சொல்லுங்க"ன்னு கேட்டான், நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை எங்க வைக்கப்போறான்னு எனக்குத் தெரியுமா? தியேட்டர்ல ஒருத்தன் சிரிக்கல. அன்னைக்கு நிசத்துல சிரிச்ச அதே நாலு பேரும் உள்ளதான் இருந்தான். அவனும் சிரிக்கல.

வெளிய வந்தா செண்பகராசு நிக்கான். என் சட்டையைப் பிடிச்சான். "தெரியாத பொம்பளைக்குப் போர்த்தத் தெரிஞ்சுச்சு, எங்கம்மாவுக்குப் போர்த்தத் தெரியலையா"ன்னான். அப்பத்தான் அந்தக் கோடிப் பேச்சையும் பேசினான். வடிவு பின்னால நின்னா. வந்து மகன் கையைப் பிடிச்சு இழுத்தா. என்னை ஏறெடுத்துப் பார்த்து, "நல்லா நடிச்சிருக்கண்ணே"ன்னா. அவ்வளவுதான். குத்திக் காட்டிட்டுப் போயிட்டா. படப்புச் சண்டைக்குப் பெறகு அவ எங்கிட்டப் பேசின பேச்சு அது ஒண்ணுதான். எனக்கு ஊசியை ஏத்தின மாதிரி இருந்துச்சு.

அப்படிக் குத்தினவ வீட்டுக்குத்தான் இப்பக் கோடி எடுத்துக்கிட்டுப் போறேன். இந்தத் தடவையும் ஆள் வந்து கேதம் சொல்லல தம்பி. பஸ் டிரைவர்கூட ஆரன் அடிக்கல. டீக்கடையில ஒருத்தன் செல்லைப் பார்த்துட்டு, "ஆவுடையப்பண்ணே, உங்க தங்கச்சி போயிட்டாகளாம்"ங்கான். கையில டீ கிளாசு. எனக்கு ரோசம் இல்லையா? இருக்கு. ஆனாலும் கிளம்பிட்டேன். அதே கடையில போயி அதே அரக்குல எடுத்திருக்கேன். எறியட்டும். எறிஞ்சா எடுத்து மறுபடி போடுவேன். அவன் யாரு தடுக்க? பிறந்த வீட்டான் நான் உசுரோட இருக்கேன்.

இருங்க, செல்லு அடிக்கு. யாரு பேரு வருது, பார்த்துச் சொல்லுங்க தம்பி, கண்ணாடி கொண்டாரல. புது நம்பரா?

அலோ. யாரு? செண்பகராசா? ஆமாய்யா, மாமன்தான். வந்துக்கிட்டே இருக்கேன். பஸ்லதான். கோடி எடுத்துட்டேன்யா, நீ என்ன சொன்னாலும்... என்னது? போட்டாச்சா? யாருடா போட்டது? பிறந்த வீட்டான் நான் இங்க பஸ்ல உக்காந்திருக்கேன், எவன்டா அங்க கோடி போட்டது? ... எந்தப் பெட்டியில? ... என்ன நிறம்? ... ம். ... ம். ... அவளே சொன்னாளா? வாயாலயா? ... சரிய்யா. ... சரி.

வச்சுட்டான்.

அந்தச் சேலையைப் போட்டிருக்காகளாம் தம்பி. படத்துல போட்ட சேலையை. பெட்டிக்கு அடியில, மடிப்போட, பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்திருக்கா. "அண்ணன் எம் பேரைச் சொல்லிப் போட்ட கோடி அது. நான் செத்தா அதைத்தான் போடணும், வேற கோடி வாங்கக் கூடாது"ன்னு மகன்கிட்டச் சொல்லி வச்சிருந்திருக்கா. "அம்மா சொன்னபடி போட்டுட்டோம், நீங்க வர்றதுன்னா வெறுங்கையோட வாங்க"ங்கான்.

அது எப்படித் தம்பி செல்லும்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. அது படத்துக் கோடி. கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு. மலையாளத்துக்காரி தோள்ல போட்டது. அதைப்போயி... இல்லை, புதுச்சேலைதான். என் காசுதான். என் கையாலதான் போட்டேன். பேரு... பேரும் சொன்னேன்தான்.

அப்ப அன்னைக்கே வாங்கிக்கிட்டாளா? வாங்கிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா, பாவி? தியேட்டர் வாசல்ல அம்புட்டுப் பக்கத்துல நின்னாளே! "நல்லா நடிச்சிருக்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனா, நான் என்னன்னு எடுத்துக்க? வாங்கிக்கிட்டேண்ணேன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன மனசுக்குள்ள போயிப் பார்த்தேனா? இத்தனை வருசமா என்னை இப்படித் திரிய விட்டிருக்கா. அவளைப் போயி நல்லா நாலு கேள்வி கேக்கணும். எங்க கேக்க? செத்துப்போனாள்ல.

இதை என்ன செய்ய இப்ப? எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது. அங்கயும் கொண்டுவரக் கூடாதுங்கான். வெறுங்கையோட எப்படித் தம்பி போக? அந்த வாசல்ல போயி, வெறும் கையோட, நான் எப்படி நிக்க? ஏன் காலை இழுத்துக்கிடுதீங்க? சேலைதான் அது. புதுச்சேலை.

ஏய் கண்டக்டரு, ஏன்யா கத்துத? மேலச்சிந்தலைதானே, தெரியுது, இறங்குதேன். நிறுத்து. கொஞ்சம் வழி விடுங்க தம்பி.

என்ன, பையா? விட்டுட்டுப் போகலாம்னுதான்... சரி, குடுங்க. நீங்க என்ன செய்வீங்க அதை வச்சுக்கிட்டு. குடுங்க இங்க.